கிலுகிலுப்பை இரையும் கற்கரையும்: தூண்டில் புதியவர்களுக்கு

டெக்சஸில் ஆஸ்டின் நகருக்கு மேற்கே உள்ள டிராவிஸ் ஏரிக்கரையில், ஒரு பிப்ரவரி காலையில், ஒன்றரை மணி நேரத்துக்குள் நான்கு செயற்கை இரைகளைப் பாறைக்குக் காணிக்கை கொடுத்தேன். தேடிப்போன பாஸ், அதாவது சிறு மீன்களை வேட்டையாடும் நன்னீர் மீன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. விற்ற கடைக்காரர் முன்பே எச்சரித்திருந்தார்: “இது புல் வளர்ந்த தண்ணீருக்கு ஏற்றது, கல்லில் போடாதீர்கள்.” அவர் சொன்னது பாதிதான் சரி என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு பருவங்கள் ஆயின. அந்த மீதிப் பாதிதான் இந்தக் குறிப்பு.

இரை எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். லிப்லெஸ் கிராங்க்பெயிட் என்பார்கள். தட்டையான சிறு மீன் வடிவப் பிளாஸ்டிக் உடல், உள்ளே உருளும் குண்டுகள், வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக இரண்டு மும்முனை முட்கள். குலுக்கினால் குழந்தையின் கிலுகிலுப்பை போலச் சத்தம் வரும். அமெரிக்காவில் பலருக்கு இந்த வகை முழுவதற்குமே ‘ராட்டில் டிராப்’ என்றுதான் பெயர். அது பில் லூயிஸ் உருவாக்கிய ஓர் இரையின் வணிகப் பெயர்.

முதலில்: இது ஏன் கல்லில் மாட்டுகிறது

சாதாரண கிராங்க்பெயிட்டுக்கு மூக்கின் கீழே அகப்பை போல ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். கல் வந்தால் அந்த நாக்குதான் முதலில் முட்டும். உடல் புரண்டு விலகும், முட்கள் அதன் மறைவில் தப்பித்துவிடும். நம் இரைக்கு அந்த நாக்கு இல்லை. நரம்பு, அதாவது தூண்டில் இழை, கட்டும் வளையம் மூக்கில் இல்லாமல் முதுகில் இருக்கிறது. இழுக்கும்போது தலை கவிழ்ந்து, சரிவான நெற்றியில் தண்ணீர் மோதி, உடல் சிறகடிப்பதுபோல் படபடவென்று அதிர்கிறது. தலை கவிழ்ந்து போகும் இரையின் வயிற்று முள், கல்லைச் சந்திக்கக் காத்திருக்கிறது.

இன்னொன்று. நாக்குள்ள இரைகளில் பெரும்பாலானவை இழுப்பதை நிறுத்தினால் மிதக்கும், இது மூழ்கும். அரை அவுன்ஸ், அதாவது சுமார் 14 கிராம் இரை, தளர்ந்த நரம்பில் நொடிக்கு ஏறக்குறைய ஓர் அடி இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றடித் தண்ணீரில் ஒரு தும்மல் போட்டால் இரை தரையில் இருக்கும். ஆகவே இங்கே ஆழத்தைத் தீர்மானிப்பது இரை அல்ல, உங்கள் மணிக்கட்டும், நரம்பைச் சுருட்டும் ரீலின் கைப்பிடியும்தான். புதியவர்கள் தவறுவது இதில்தான். நானும் இதில்தான் தவறினேன்.

வாங்கும்போது

கால் அவுன்ஸ், அதாவது 7 கிராம் எடையில் தொடங்குங்கள். இரண்டு முதல் ஐந்தடித் தண்ணீருக்கு அதுவே போதும். அரை அவுன்ஸ் இரை தொலைவாகப் பறக்கும் என்று ஆசை காட்டுவார்கள். அந்த ஆசைக்குத்தான் நான்கு இரைகளைப் பறிகொடுத்தேன்.

சத்தத்தில் இரண்டு சாதிகள். நிறையச் சிறு குண்டுகள் இருந்தால் கீச்சுச் சத்தம். ஒற்றைப் பெரிய குண்டு இருந்தால் கதவைத் தட்டுவதுபோல் கனத்த ஓசை. டிராவிஸ் ஏரியின் தண்ணீர் பெரும்பாலும் தெளிவானது. தெளிந்த தண்ணீரில் நான் ஒற்றைக் குண்டையே விரும்புகிறேன். மழைக்குப் பின் கலங்கினால் சிறு குண்டுகளுக்கு மாறுவேன். மீனுக்கு உட்செவி உண்டு, உடலின் இரு பக்கமும் அதிர்வை உணரும் பக்கக்கோடும் உண்டு. கலங்கலில் அது கண்ணைவிட இவற்றைத்தான் நம்புகிறது.

நிறத்துக்கு அதிகம் அலையவேண்டாம். குளிர் முடியும் பிப்ரவரி, மார்ச்சில் சிவப்பும் பழுப்பும். கல்லிடுக்கிலிருந்து வெளியே வரும், இறால் போன்ற நன்னீர் உயிரான கிராஃபிஷின் நிறம் அது. இலையுதிர் காலத்தில் வெள்ளியும் நீலமும், ஷாட் என்னும் பொடிமீன் கூட்டங்களைப் போல. இரண்டு நிறம் வாங்கினால் ஒரு வருடம் ஓடும்.

முள்ளில் ஒரு சின்ன வேலை

வீட்டிலேயே செய்துகொண்டு போகவேண்டிய வேலை இது. இரையை மேசையில் வைத்து, இழுக்கும்போது போவதைப் போலத் தலையைக் கவிழ்த்துப் பிடியுங்கள். வயிற்று மும்முள்ளின் மூன்று முனைகளில் ஒன்று முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். கல்லில் முதலில் கொளுவுவது பெரும்பாலும் அதுதான். கம்பி வெட்டும் குறடால் அந்த ஒரு முனையை மட்டும் வளைவோடு வெட்டிவிடுங்கள். வெட்டும்போது துணியால் மூடிக்கொள்ளுங்கள், துண்டு கண்ணை நோக்கித் தெறிக்கும். மீதி இரண்டு முனைகளின் எதிர்முள்ளை, அதாவது பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூரை, குறடால் நசுக்கிவிட்டால் மீனை விடுவிப்பதும் எளிது, உங்கள் கட்டைவிரலை விடுவிப்பதும் எளிது. இரண்டாவது நன்மையை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

கோல், ரீல், நரம்பு

ஏழடிக் கோல். நுனி மட்டும் அல்லாமல் நடுப்பகுதி வரை வளைந்து கொடுப்பதாக இருக்கவேண்டும். விறைத்த கோலில் மாட்டிய மீன் தலையை உதறினால் கனமான இந்த இரை நெம்புகோலாக மாறி முள்ளைப் பிடுங்கிவிடும். ரீல் எதுவானாலும் சரி, கொஞ்சம் விரைவாகச் சுருட்டுவதாக இருக்கட்டும்.

நரம்பு 12 முதல் 15 பவுண்டு இழுவிசை தாங்கும் ஃபுளூரோகார்பன் என்னும் பிளாஸ்டிக் இழை. கல்லில் உரசித் தேய்வதற்கு இது ஓரளவு தாங்கும். டிராவிஸில் இன்னொரு தொல்லையும் உண்டு. 2017இல் சீப்ரா சிப்பி இந்த ஏரிக்குள் வந்துவிட்டது. பாறைகளில் நகம் அளவுக் கத்திகளாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிப்பி அது. பத்து வீச்சுக்கு ஒருமுறை, இரைக்கு மேல் உள்ள இரண்டடி நரம்பை உதடுகளுக்கிடையே மெல்ல இழுத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு உதட்டுக்குத் தெரியும். தெரிந்தால் அந்த இரண்டடியை வெட்டி எறியாமல் பையில் போட்டுக்கொண்டு, புதிதாக முடிச்சுப் போடுங்கள். ஐந்து சுற்றுக் கிளிஞ்ச் முடிச்சு போதும். இறுக்கும் முன் எச்சிலால் நனைக்க மறக்கவேண்டாம்.

இடம்

டிராவிஸ் என்பது கொலராடோ ஆற்றின் குறுக்கே மான்ஸ்ஃபீல்டு அணை கட்டியதால் உண்டான நீர்த்தேக்கம். கிராண்ட் கேன்யனைக் குடைந்த கொலராடோ வேறு, இது டெக்சஸுக்குள்ளேயே பிறந்து கடலில் கலப்பது. கடல்மட்டத்திலிருந்து 681 அடி என்பது முழு நீர்மட்டம். வறட்சியில் அதற்குப் பல அடி கீழே போய்விடும். இது தூண்டில்காரருக்கு வரப்பிரசாதம். நீர் இறங்கிய காலத்தில் ஒருமுறை கரையோரம் நடந்து, சுண்ணாம்புப் பாறை படிக்கட்டுகளாக இறங்குவதையும், பெருங்கல் முடிந்து சரளை தொடங்கும் இடங்களையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். நீர் ஏறியதும் அந்தப் படங்கள்தான் உங்கள் வரைபடம்.

படம் இல்லையென்றாலும் கவலை இல்லை. கரையில் எப்படிச் சரிகிறதோ அப்படித்தான் தண்ணீருக்குள்ளும் சில அடிகள் சரியும். கல்லின் பருமன் மாறும் இடத்தையும், காற்று நேராக வந்து மோதும் கரையையும் தேடுங்கள். காற்று தண்ணீரைக் கலக்கி மீனின் சந்தேகத்தைக் குறைக்கிறது. முகத்தில் காற்றடிக்கும் கரையில் நிற்பது சுகமில்லை. ஆனால் மீன் அங்கேதான் நிற்கிறது.

வீச்சும் இழுப்பும்

ஏரியின் நடுவை நோக்கி வீசாதீர்கள். அப்படி வீசினால் பாதி வழி ஆழமான வெறுந்தண்ணீர், மீதி வழி மேலேறும் கல். கரைக்கு இணையாக, அல்லது சற்றே சாய்வாக வீசுங்கள். அப்போது தொடக்கம் முதல் முடிவு வரை இரை மூன்றடித் தண்ணீரிலேயே பயணிக்கும்.

இரை தண்ணீரைத் தொடும் கணத்தில் நரம்பு விறைப்பாக இருக்கவேண்டும். தொட்டதும் சுருட்டத் தொடங்கிவிடுங்கள். கோல் நுனி உங்கள் தலைக்கு மேலே, கடிகாரத்தில் பத்து மணி நிலையில் இருக்கட்டும். நான்கைந்து சுற்றுக்குள் கைப்பிடியில் ஓர் அதிர்வு வரும், சட்டைப்பையில் கைப்பேசி நடுங்குவதுபோல. அது வந்தால் இரை சரியாக ஓடுகிறது. அதிர்வு நின்றால் முள்ளில் பாசி ஒட்டியிருக்கிறது, அல்லது மீன் வாயில் வைத்துக்கொண்டே உங்களை நோக்கி வருகிறது.

இப்போது முக்கியமான பகுதி. அதே வேகத்தில் சுருட்டிக்கொண்டே கோல் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்துங்கள். பத்து மணியிலிருந்து ஒன்பதரைக்கு. இரை ஒரு சாண் இறங்கும். எங்கோ ஓரிடத்தில் ‘டிக்’ என்று ஒரு தட்டு கைக்கு வரும். கல்! புதியவர் இங்கே செய்வது இரண்டில் ஒன்று. மீன் என்று நினைத்து வெடுக்கென்று இழுப்பார், முள் கல்லிடுக்கில் ஆழமாகப் பதியும். அல்லது பயந்து சுருட்டுவதை நிறுத்துவார், இரை இரண்டு கற்களுக்கு நடுவே போய் உட்காரும். இரண்டும் வேண்டாம். கைப்பிடி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்க, நுனியை மட்டும் ஒரு முழம் மெதுவாக உயர்த்துங்கள். இரை கல்லின் மேல் துள்ளித் தாண்டும். தாண்டியதும் அரை நொடி சுருட்டுவதை நிறுத்துங்கள். அரை நொடிதான். இரை பக்கவாட்டில் நடுங்கியபடி ஒரு சாண் விழும். பிறகு மறுபடி ஓட்டம்.

எனக்கு விழுந்த மீன்களில் பெரும்பாலானவை அந்தத் துள்ளலிலோ அந்த அரை நொடியிலோதான் கடித்தன. கல்லைத் தட்டிவிட்டுத் தடுமாறும் சிவப்பு இரை, பதுங்கியிருக்கும் பாஸ் மீனுக்குக் கிராஃபிஷ் தப்பியோடுவதாகத் தோன்றும்போலும். கடைக்காரர் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி இதுதான். கல்லைத் தொடவே தொடாத இரை பத்திரமாகத் திரும்பி வரும், பெரும்பாலும் வெறுமையாக.

கல் தட்டினால் கூர்மையான ஒற்றைத் தட்டு. மீன் கடித்தால் ஈரத்துணியை யாரோ பிடித்து இழுப்பதுபோல் கனம். இந்த வித்தியாசத்தை எழுதிப் புரியவைப்பது கடினம், ஒரு காலைப்பொழுதில் கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

மாட்டிக்கொண்டால்

இழுக்காதீர்கள். தயவுசெய்து இழுக்காதீர்கள். நரம்பைத் தளர்த்தி, கோல் நுனியைச் சிறிதாகக் குலுக்குங்கள். இரையின் சொந்த எடையே சுத்தியல்போல் அடித்து முள்ளைக் கழற்றிவிடும். பத்துக் குலுக்கலில் வரவில்லையென்றால், இரையைத் தாண்டி மறுபக்கம் நடந்துபோய் வந்த வழியே இழுங்கள். விறைத்த நரம்பில் பலமாக இழுத்து விடுபட்டால் இரை முகத்தை நோக்கித் துப்பாக்கிக் குண்டுபோல் வரும். கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்கவேண்டாம். நீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடியானால் தண்ணீருக்குள் இருக்கும் கல்லும் தெரியும்.

மீன் விழுந்தால்

வெடுக்கென்று இழுக்காமல், கோலைப் பக்கவாட்டில் சாய்த்து, சுருட்டிக்கொண்டே இருங்கள். மீன் மேலெழுந்து துள்ளப் பார்த்தால் கோல் நுனியைத் தண்ணீரை ஒட்டித் தாழ்த்துங்கள். காற்றில் தலையை உதறும்போதுதான் இந்த இரை கழன்று விழும். கரைக்கு வந்ததும் கையால் வாயைப் பிடிக்க அவசரப்படவேண்டாம். ஐந்து முனைகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. நீண்ட மூக்குக் குறடு முதலில், விரல் பிறகு.

லார்ஜ்மவுத் பாஸ் என்றால் 14 அங்குலத்துக்குக் குறைந்ததை விட்டுவிடவேண்டும். பாஸ் வகைகள் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஐந்துதான். பச்சைப் பக்கங்களில் வைரக்கட்டமாகக் கறைகள் உள்ள சிறிய மீன் வந்தால் அது குவாடலூப் பாஸாக இருக்கலாம். டெக்சஸைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத மீன், 1989 முதல் மாநில மீன். அதற்கு அளவுக் கட்டுப்பாடு இல்லைதான், நான் விட்டுவிடுவேன். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மாநில மீன்பிடி உரிமம் தேவை. சாதாரண ஆண்டு உரிமம் ஆகஸ்ட் 31இல் காலாவதியாகும், ஜூலையில் அதை வாங்கி ஏமாறாதீர்கள்.

திரும்பும்போது படகானால் தண்ணீரை முழுவதும் வடித்துவிடவேண்டும், சட்டம் அது. சீப்ரா சிப்பியின் குஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் அந்தத் தண்ணீரில்தான் அடுத்த ஏரிக்குப் பயணம் செய்கிறது. இரைகளை ஈரத்தோடு டப்பாவில் அடைக்காதீர்கள். ஒரு இரையின் துரு பக்கத்து இரையின் முள்ளுக்கும் தொற்றும். நான் காரின் முன்கண்ணாடி ஓரம் ஒரு பழைய துண்டை விரித்துக் காயவைக்கிறேன். வேகத்தடையில் ஏறும்போதெல்லாம் கிலுகிலு என்கிறது.