கர்ப்பகாலத்தில் திடீர் கல்லீரல் கொழுப்பு: எதைக் கவனிப்பது, எப்போது பயப்படுவது

கடைசி மூன்று மாதங்களில் வாந்தி, மேல்வயிற்று வலி, அடங்காத தாகம் என்று வரும் கர்ப்பிணியை அசிடிட்டி மாத்திரை கொடுத்து அனுப்பாதீர்கள். அன்றே ரத்தம் எடுங்கள்.

ஸ்வான்சீ அளவுகோலில் (இந்த நோயைக் கண்டறிய உதவும் அறிகுறி, பரிசோதனைப் பட்டியல்) ஆறு அம்சங்களாவது பொருந்தி, வேறு காரணம் தென்படாவிட்டால் கர்ப்பகாலத் திடீர் கல்லீரல் கொழுப்பு நோய்தான். முக்கியமானவை (ரசாயன அளவுகள் டெசிலிட்டருக்கு மி.கி.யில்): பிலிரூபின் என்ற காமாலை நிறமி 0.8க்கு மேல், சர்க்கரை 72க்குக் கீழ், யூரிக் அமிலம் 5.7க்கு மேல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.7க்கு மேல், வெள்ளணுக்கள் 11,000க்கு மேல், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் புரோத்ராம்பின் நேரம் 14 விநாடிக்கு மேல். ஸ்கேனில் கல்லீரல் இயல்பாகத் தெரிவதை நம்பி விட்டுவிடக் கூடாது. பயாப்சி (கல்லீரல் திசுவை எடுத்துச் சோதிப்பது) பெரும்பாலும் தேவையில்லை. ரத்தம் உறையாத நேரத்தில் அது ஆபத்தும்கூட.

ஹெல்ப் சிண்ட்ரோமோடு (சிவப்பணுக்கள் சிதைந்து, கல்லீரல் நொதிகள் ஏறி, தட்டணுக்கள் குறையும் கர்ப்பகால நோய்) குழப்பம் வரும். சர்க்கரை இறங்குவதும் உறைதல் நேரம் நீள்வதும் இந்த நோயின் பக்கம் சாய்கின்றன. ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜன் 200 என்றால் ‘நார்மல்’ என்று ஆய்வக அறிக்கை சொல்லும். நிறைமாதத்தில் அது 400க்கு அருகிலோ மேலோ இருக்க வேண்டியது, ஆகவே 200 குறைவுதான்.

சிகிச்சை பிரசவமே. உறைதலையும் சர்க்கரையையும் சரிசெய்துகொண்டே அதற்குத் தயாராகுங்கள்; முதுகில் மயக்க ஊசி போடுமுன் உறைதல் அறிக்கையைப் பாருங்கள். சர்க்கரையை மணிக்கொரு முறை அளந்து, டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்பைத் தொடருங்கள்.

பிரசவத்துக்குப் பின் கல்லீரல் நொதிகள் முதலில் இறங்கும். பிலிரூபின் சில நாட்கள் ஏறுவதை மட்டும் பார்த்துக் கலங்க வேண்டாம். நினைவு தடுமாறுவது, ரத்தத்தில் லாக்டேட் அமிலம் ஏறுவது, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் குறியீடு) இறங்காமல் நிற்பது ஆகியவைதான் கெட்ட அறிகுறிகள். இவை தெரிந்தால் கல்லீரல் மாற்று வசதியுள்ள மருத்துவமனையிடம் உடனே பேசுங்கள்.

குழந்தைக்கு எல்சேட் (LCHAD, கொழுப்பை ஆற்றலாக மாற்ற உதவும் நொதி) குறைபாட்டுப் பரிசோதனை அவசியம். முடிவு வரும்வரை நீண்ட நேரம் பால் கொடுக்காமல் விடக் கூடாது.