கார் கண்ணாடிக் கறைக்கு எந்த அமிலம்?

கோலாலம்பூர் மழை நின்றதும் வெயில் அடித்தால் காரின் முன்கண்ணாடியில் வட்ட வட்டமாகக் கறை நின்றுவிடும். அதற்கு விற்கிற நீக்கியை வாங்குமுன் புட்டியைத் திருப்பி, ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் அல்லது அம்மோனியம் பைஃப்ளூரைடு என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் வாங்கவே வேண்டாம். கழிவறைக்கு ஊற்றுகிற ஹைட்ரோகுளோரிக் அமிலம்கூடக் கண்ணாடியை ஒன்றும் செய்யாது, ஆனால் இவை இரண்டிலும் இருக்கிற ஃப்ளூரினுக்குக் கண்ணாடியில் உள்ள சிலிக்கான் மீது அப்படி ஒரு பிடிப்பு, ஆக்சிஜனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு கண்ணாடியையே கரைத்துவிடும். செந்தூலில் ஒரு கடையில் கழுவிய என் காரின் பக்கக் கண்ணாடியில் துணி தேய்த்த கோடு கோடாக வெண்மை படிந்துவிட்டது, பாலிஷ் போட்டும் போகவில்லை (கடைக்காரர் பழைய கறை என்று சாதித்தார்!).

கண்ணாடியாவது மாற்றலாம். இந்த வகை நீக்கி தோலில் பட்டால் முதலில் எரியாமலேயே இருக்கலாம், சில மணி நேரம் கழித்துத்தான் வலி வரும், அதற்குள் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்திருக்கும். அதனால் பட்டதும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போங்கள், புட்டியையும் கொண்டுபோங்கள். கால்சியம் குளுக்கோனேட் ஜெல்தான் அங்கே தடவுவார்கள்.

சாதாரணக் கறைக்குக் காடியில் (வினிகரில்) நனைத்த துணியை ஐந்து நிமிடம் போட்டு வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.