ஃபார்முலேஷன் மென்பொருளில் அபாயத் தரவை ஏற்றுவது எப்படி? 0.0015% காணாமல் போகும் இடம்

ஃபார்முலேஷன் மென்பொருள் (கலவையின் பொருள்களையும் அளவுகளையும் கொடுத்தால் அபாய வகைப்பாட்டையும் லேபிளையும் தருவது) கைக்கு வந்ததும் பலரும் நேராக ஃபார்முலாவைத் தட்டிவிட்டு லேபிளை எடுக்கப் பார்க்கிறார்கள். மென்பொருளுக்கு வேதியியல் தெரியாது, நீங்கள் கொடுத்த எண்களை விதிகளோடு ஒப்பிடத்தான் தெரியும். அதனால் இந்தப் பதிவில் பாதிக்கு மேல் மூலப்பொருள் பதிவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். உதாரணமாகத் தரை கழுவும் திரவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எஸ்டிஎஸ் (சப்ளையர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாள்) என்றால் என்ன, அதன் 16 பிரிவுகளில் என்னென்ன இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்த நாட்டு விதி என்பதை முதலில் தேர்ந்தெடுங்கள்

ஜிஎச்எஸ் என்பது ரசாயனங்களின் அபாயத்தை வகைப்படுத்தி லேபிளிட ஐ.நா. 2003இல் வெளியிட்ட பொது அமைப்பு. ஆனால் ஒவ்வொரு நாடும் அதில் வேண்டிய பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. தீப்பற்று நிலை 60 முதல் 93 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும் திரவம் அமெரிக்காவின் ஓஷா (பணியிடப் பாதுகாப்பு அமைப்பு) விதியில் தீப்பற்றும் திரவம், வகை 4. ஐரோப்பிய ஒன்றியத்தின் சிஎல்பி (ரசாயன வகைப்பாடு, லேபிள்) விதியில் அந்த வகையே இல்லை. நீர்வாழ் உயிர்களுக்கான அபாயம் தலைகீழ்: சிஎல்பியில் கட்டாயம், ஓஷாவில் இல்லை. இதற்காக நாட்டுக்கு ஒரு ஃபார்முலா நகல் எடுக்காதீர்கள். ஃபார்முலா ஒன்றே இருக்கட்டும், வெளியீட்டு வார்ப்புருவை மட்டும் மாற்றுங்கள். நகல்கள் பெருகினால் எது நடப்பில் உள்ளது என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

படி 2: சிஏஎஸ் எண்களைச் சுத்தமாக ஏற்றுங்கள்

சிஏஎஸ் எண் என்பது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள அடையாள எண். எக்ஸெலிலிருந்து ஏற்றுபவர்கள் அந்த நெடுவரிசையை, எண்களை ஒட்டும் முன்பே, டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். பாலிஅக்ரிலிக் அமிலத்தின் எண் 9003-01-4. எக்ஸெல் அதை 9003ஆம் ஆண்டு ஜனவரி 4 என்று தேதியாக்கிவிடும், அப்புறம் மென்பொருள் அந்தப் பொருளைத் தெரியவே தெரியாது என்று சொல்லும்.

எண் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். அதை விட்டுவிட்டு, மீதியை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்டுங்கள். சோடியம் ஹைட்ராக்சைடு 1310-73-2: 3×1 + 7×2 + 0×3 + 1×4 + 3×5 + 1×6 = 42. கூட்டலின் கடைசி இலக்கம் 2, எண்ணின் கடைசி இலக்கமும் 2, ஆகவே சரி. இது தட்டச்சுப் பிழையைத்தான் பிடிக்கும், தவறான பொருளைப் பிடிக்காது. சிட்ரிக் அமிலம் நீரற்றதாக இருந்தால் 77-92-9, மோனோஹைட்ரேட்டாக இருந்தால் 5949-29-1. இரண்டு எண்ணும் இந்தச் சோதனையில் தேறிவிடும். இரண்டையும் ஒரே பதிவின் கீழ் இணைத்து வையுங்கள்.

படி 3: வணிகப் பெயரைப் பொருள்களாகப் பிரியுங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் வாங்குவது வணிகப் பெயருள்ள ஒரு கேன். விதிகள் பேசுவது அதற்குள் இருக்கும் பொருள்களைப் பற்றி. சிஎம்ஐடி/எம்ஐடி என்ற இரு பொருள்களின் 3:1 கலவை (சிஏஎஸ் 55965-84-9), திரவம் கெடாமல் இருக்கப் பரவலாகச் சேர்க்கும் பாதுகாப்பான் (பிரிசர்வேட்டிவ்). சிஎல்பியில் இதற்கென்றே தனி வரம்பு உண்டு: கலவையில் 0.0015%, அதாவது 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு), எட்டினாலே தோல் ஒவ்வாமை வகை 1ஏ, லேபிளில் எச்317 என்ற தோல் ஒவ்வாமை எச்சரிக்கை. இது கடையில் 1.5% கரைசலாகவும் கிடைக்கும், 14% கரைசலாகவும் கிடைக்கும். வணிகப் பெயரை ஒரே பொருளாகப் பதிந்துவிட்டு ஃபார்முலாவில் 0.05% போட்டால் மென்பொருள் பொது வரம்பான 0.1%ஐப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடும். அது 14% கரைசல் என்றால் உண்மையில் உள்ளே இருப்பது 0.007%, வரம்பைப் போல நான்கு மடங்குக்கு மேல்!

இன்னொரு சிக்கலும் உண்டு. நீங்கள் 1.5% கரைசலை 0.08% போடுகிறீர்கள், 0.0012% ஆகிறது, வரம்புக்குக் கீழே. ஆனால் நீங்கள் 30% சேர்க்கும் சர்ஃபாக்டன்டுக்குள் (அழுக்கை அகற்றும் பொருள்), அது கெடாமல் இருக்க, சப்ளையர் ஏற்கெனவே அதே பாதுகாப்பானை 12 பிபிஎம் போட்டிருக்கிறார். அதிலிருந்து 0.00036% வருகிறது. மொத்தம் 0.00156%, தாண்டிவிட்டது. சப்ளையர் எஸ்டிஎஸ்-இல் 3ஆம் பிரிவோடு (உட்பொருள்கள்) நிறுத்தாமல் 2ஆம் பிரிவின் (அபாயங்கள்) கடைசி வரிகளையும் பாருங்கள், "இது உள்ளது, ஒவ்வாமை உண்டாக்கலாம்" என்ற ஈயூஎச்208 வாசகம் அங்கேதான் இருக்கும்.

இதெல்லாம் சரியாகப் பதிந்தும் மென்பொருள் கோட்டைவிடும் இடங்கள் இரண்டு. ஒன்று, இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்குதல், 0.0015 என்பது 0.00 ஆகிவிடும். திரையில் அப்படித் தெரிந்தால் பரவாயில்லை, கணக்கிலேயே அப்படி வெட்டினால் ஆபத்து. இன்னொன்று, 0.1%க்குக் கீழ் உள்ளதை விட்டுவிடும் பொது வெட்டு வரம்பு. அமைப்புகளில் தேடி அதைப் பூஜ்யமாக்குங்கள். முதலில் எல்லா மூலப்பொருளையும் பிரித்து, ஒரே பொருளைக் கூட்டி, அதன் பிறகே வரம்போடு ஒப்பிட வேண்டும். வரிசை மாறினால் விடை மாறும்.

எஸ்டிஎஸ்-இல் "10 முதல் 20% வரை" என்று இருந்தால் அபாயக் கணக்குக்கு மேல் எல்லையை எடுங்கள். வழக்கமான அளவு, அதிகபட்ச அளவு என்று இரண்டு புலங்கள் வைத்துக்கொள்வதே நல்லது. அதிகபட்சங்களின் கூட்டல் 100ஐத் தாண்டுவது பிழை அல்ல.

படி 4: தனி வரம்புகளை நிரப்புங்கள்

50% காஸ்டிக் சோடா கரைசலை 6% சேர்த்தால் கலவையில் 3% சோடியம் ஹைட்ராக்சைடு. பொது விதிப்படி அரிக்கும் பொருள் 1 முதல் 5%க்குள் இருந்தால் தோல் எரிச்சல்தான். ஆனால் சோடியம் ஹைட்ராக்சைடுக்குத் தனி வரம்பு இருக்கிறது: 5% முதல் அரிப்பு வகை 1ஏ, 2 முதல் 5% வரை 1பி, 0.5 முதல் 2% வரைதான் எரிச்சல். ஆகவே நம் திரவம் அரிக்கும் கலவை. இந்தப் புலம் காலியாக இருந்தால் மென்பொருள் சத்தமில்லாமல் பொது விதிக்குப் போய்விடும். எந்தப் பொருளால், எந்த விதியால் இந்த வகைப்பாடு வந்தது என்று வரிவரியாகக் காட்டாத மென்பொருளை நான் வாங்கவே மாட்டேன்.

தரவுக்குச் சப்ளையர் எஸ்டிஎஸ், சிஎல்பியின் ஒருங்கிணைந்த பட்டியல் இரண்டையும் அருகருகே வையுங்கள். பப்கெம் என்ற இலவச வேதிப்பொருள் தரவுத்தளம் ஒப்பிட்டுப் பார்க்க நல்லது. அங்கே தெரிவது பலர் கொடுத்த அறிவிப்புகளின் தொகுப்பு என்பதால் அப்படியே நகலெடுக்க வேண்டாம்.

படி 5: தொட்டிக்குள் நடக்கும் வினை

லாப்சா (சலவைப் பொருள்களில் சேரும் ஓர் அமில சர்ஃபாக்டன்ட்) 10%, அதை நடுநிலையாக்கச் சுமார் 1.25% சோடியம் ஹைட்ராக்சைடு. மென்பொருள் இரண்டையும் தனித்தனி அரிக்கும் பொருளாகக் கூட்டும். தொட்டியில் மிஞ்சுவதோ சோடியம் உப்பு. வினைக்குப் பிந்தைய கலவையைத் தனி அடுக்காகப் பதியுங்கள். அரிப்பு போனாலும் அந்த உப்பு கண்ணுக்குக் கடும் சேதம் தரும், அந்த எச்சரிக்கை நிற்கும். முடிவான பிஎச் 2க்குள் அல்லது 11.5க்கு மேல் இருந்தால் தனியாக ஆராயுங்கள்.

பின்சேர்க்கை: "லேபிளில் 70% அறியப்படாத நச்சுத்தன்மை என்று வருகிறதே" என்று சிலர் கேட்டிருந்தார்கள். அநேகமாக அது தண்ணீர்! நச்சுத்தன்மைப் புலம் காலியாக இருந்தால் மென்பொருள் அதைத் தெரியாத பொருள் என்று எடுத்துக்கொள்கிறது. தண்ணீர்ப் பதிவில் "நச்சு இல்லை என அறியப்பட்டது" என்று குறியுங்கள்.

இன்னொரு கேள்வி பட்டியல் புதுப்பிப்பு பற்றியது. ரீச் என்ற ஐரோப்பிய ரசாயன விதியின் எஸ்விஎச்சி பட்டியல் (மிகுந்த கவலைக்குரிய பொருள்கள்) வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை நீளும். சந்தா இருந்தால் மென்பொருள் தானே இறக்கிக்கொள்ளும். ஆனால் நீங்கள் கையால் திருத்திய பதிவுகளைப் பெரும்பாலும் தொடாது. புதுப்பிப்பு வந்ததும் அப்படித் திருத்தியவற்றை மட்டும் வடிகட்டி எடுத்து, 0.1% வரம்போடு ஒருமுறை ஒப்பிட்டு, ஆதாரமும் தேதியும் எழுதிச் சேமியுங்கள்.