கெண்டைக்கால் விறைப்புக்கு டென்ஸ் மெஷின்: பேட் ஒட்டுவதிலிருந்து குதிகால் பதிப்பது வரை

பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்குக் கெண்டைச்சதை முறுக்கிக்கொண்டு, குதிகால் தரையில் பதியாமல் போகும். தோலில் ஒட்டும் பேட் வழியாக லேசான கரண்ட் அனுப்பும் டென்ஸ் மெஷின், அந்த முறுக்கைக் கொஞ்ச நேரம் தளர்த்தும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் பயிற்சி செய்யாவிட்டால் பேட்டரிதான் செலவு.

பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். பேட் ஒட்டும் இடத்தில் புண்ணோ புற்றுக்கட்டியோ இருந்தாலும் வேண்டாம். கால் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே தொடங்க வேண்டும். முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் கூட இருக்கட்டும். கடலூர் மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அவர்கள் வீட்டுக்கே வருவார்கள்.

1. கண்ணை மூடச் சொல்லி, கெண்டைக்காலைப் பஞ்சாலும் பல்குச்சி முனையாலும் மாற்றி மாற்றித் தொடுங்கள். எது எது என்று சொல்லத் தெரியவில்லையா? உணர்ச்சி குறைந்த தோல் சுட்டாலும் தெரியாது. அப்படியானால் வீட்டில் நீங்களாக மெஷினை வைக்காதீர்கள்.

2. காலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். காலையில் தைலம் தேய்த்துவிட்டு, அதன் மேலேயே பேட் ஒட்டுவார்கள். ஓரம் தூக்கிக்கொள்ளும், ஒட்டியிருக்கும் சின்ன இடத்தில் மட்டும் கரண்ட் குவிந்து சுரீரென்று குத்தும், தோல் சிவக்கும். கடலோர வியர்வையும் இதே வேலையைச் செய்யும். தைலத்தைப் பயிற்சி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

3. 5×5 செ.மீ. பேட் இரண்டு. ஒன்று முழங்காலுக்குப் பின்னால் உள்ள மடிப்புக்கு நான்கு விரல் கீழே, மற்றது சதை மெலியத் தொடங்கும் இடத்தில்.

4. அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ், பல்ஸ் அகலம் 200 மைக்ரோசெகண்ட், மோடு நார்மல். கரண்ட் விட்டுவிட்டு வரும் பர்ஸ்ட் மோடில் வைத்தால் சதை வெட்டி வெட்டி இழுக்கும். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு.

5. அளவைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். எறும்பு ஊர்வதுபோல் நன்றாகத் தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. கால் விரல் மடங்கினாலோ பாதம் கீழே இழுத்தாலோ கூடிவிட்டது, குறையுங்கள். பத்து நிமிஷத்தில் ஊர்வது மங்கினால், பழைய அளவில் தெரியும்வரை லேசாக ஏற்றலாம்.

6. 30 முதல் 60 நிமிஷம். முடிந்ததும் பூஜ்யத்துக்கு இறக்கி, அணைத்து, அப்புறம்தான் பேடைக் கழற்ற வேண்டும்.

உடனே முழங்காலை நீட்டி, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை மெதுவாக மேலே தள்ளி 30 விநாடி பிடியுங்கள், ஐந்து தடவை. பிறகு நாற்காலியிலிருந்து குதிகால் பதிய எழுந்து உட்காரும் பயிற்சி.

விறைப்பு திடீரென்று கூடினால் மெஷினைத் திட்டாதீர்கள். விறைப்பைக் கூட்டும் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த நகம் இவை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் அளவை மட்டும் ஏற்றிப் பிரயோஜனம் இல்லை.