கழன்ற கிரவுனின் உட்புறம் சொல்லும் சேதி

கிரவுன் (பல்லின் மேல் ஒட்டும் உறை) கழன்று வந்தால் முதலில் அதன் உட்புறத்தைப் பாருங்கள். ஒட்டி மூன்றே வாரத்தில் ஒரு சிர்கோனியா (செராமிக்கில் ஒரு வகை) கிரவுன் என்னிடம் திரும்பி வந்தது. உள்ளே துடைத்துவிட்டது போலச் சுத்தம். சிமென்ட் மொத்தமும் பல்லோடு இருந்தது. கோட்டை விட்டது பல் பக்கம் அல்ல, செராமிக் பக்கம். ஒட்டும் முன் வாயில் போட்டுப் பொருத்தம் பார்த்ததும் அதன் உட்புறத்தைப் பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவியிருந்தேன். பழக்கதோஷம்!

அதிலிருந்து, எந்த பாட்டிலைத் திறக்கும் முன்னும் லேப் சீட்டில் என்ன பொருள் என்று பார்த்துவிடுகிறேன்.

லித்தியம் டைசிலிகேட் என்ற செராமிக் என்றால் அதில் அமிலம் அரிக்கக்கூடிய கண்ணாடி உண்டு. 5 சதவீத ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம், 20 விநாடி போதும். ‘இன்னும் கொஞ்சம் பிடிக்கட்டுமே’ என்று ஊறவிட்டால் பொருளே வலுவிழக்கும். ஃபெல்ட்ஸ்பார் செராமிக் வெனீருக்கு (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு) மட்டும் நேரம் கூடுதல், 60 விநாடியாவது வேண்டும். கழுவியபின் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது அமிலம் விட்டுப்போன உப்பு. அல்ட்ராசோனிக் கழுவியில் போட்டு எடுங்கள். அப்புறம் சைலேன் (கண்ணாடியையும் சிமென்டையும் இணைக்கும் திரவம்) மெல்லியதாக, ஒரு நிமிடம், பிறகு வெதுவெதுப்பான காற்று. கலங்கிப்போன சைலேனைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தை வாய்க்கு வெளியேதான் கையாள வேண்டும். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பட்ட இடத்தில் தடவப் பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல். தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் போகலாம், ஆனால் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும்.

சிர்கோனியாவில் கரைக்கக் கண்ணாடி இல்லை. அமிலமும் வீண், வெறும் சைலேனும் வீண். அதைப் பிடிப்பது 10-எம்டிபி என்ற ஒட்டு மூலக்கூறு. அதன் பாஸ்பேட் முனைதான் சிர்கோனியாவோடு சேரும். எச்சிலிலும் பாஸ்பேட் இருக்கிறது, பாஸ்பாரிக் அமிலத்திலும் இருக்கிறது. அவை முந்திக்கொண்டு இடம் பிடித்துவிட்டால் எம்டிபிக்கு இடமில்லை. என் கிரவுனுக்கு நேர்ந்தது அதுதான். ஆகவே முதலில் வாயில் போட்டுப் பாருங்கள், அதன்பிறகே 50 மைக்ரான் அலுமினாத் துகளைக் காற்றோடு உட்புறத்தில் வீசுவது, அழுத்தம் 1 முதல் 2 பார். நான் உட்புறம் முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிடுவேன். கிறுக்கல் எல்லாம் மறைந்தால் ஒரு மூலையும் விடுபடவில்லை என்று பொருள். கழுவி உலர்த்தி உடனே எம்டிபி கலந்த பிரைமர் பூச்சு. அதன்பின் உட்புறத்தை விரலால் தொடக்கூடாது, கையுறை போட்டிருந்தாலும் சரி.

சிமென்ட்? கனமான கிரவுனுக்கு ஒளி முழுதாக எட்டாது, ஒளியாலும் தானாகவும் இறுகும் டூயல் க்யூர்தான். ஓரத்தில் கிளிசரின் ஜெல் தடவி இன்னொருமுறை ஒளி காட்டுங்கள். காற்று பட்ட மேல்படலமும் அப்போதுதான் இறுகும்.