துருக்கியில் கரியடுப்புக் கெபாப்: ஒஜாக்பாஷிக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

ஒஜாக் என்றால் அடுப்பு. பாஷி என்றால் அதன் தலைமாடு. நீளமான கரியடுப்பு, அதன்மேல் செம்புத் தகட்டில் அடித்த பெரிய புகைக்கூண்டு, அடுப்பைச் சுற்றிப் பலகை போட்டு நாற்காலிகள் என்று இருப்பதுதான் ஒஜாக்பாஷி. கம்பியில் கோத்த கறி கண்ணெதிரே வெந்து, அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும். வாசலில் செங்குத்தாகச் சுழலும் டோனர் கெபாப் வேறு வகை, அதற்கு இந்த விளக்கம் பொருந்தாது.

போவதற்கு முன்பே மனதில் வைக்க வேண்டியது: எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்யாதீர்கள். இந்தக் கறியில் செம்மறியின் வால்கொழுப்பு சேர்ந்திருக்கும். சூட்டில் அது நெய்யாக உருகும், ஆறினால் சீக்கிரமே உறைந்து மேலண்ணத்தில் மெழுகாகப் படியும். "கெபாப் ஒரே கொழுப்பு" என்று குறைபடுகிறவர்களில் பலர், நான்கு தட்டுகளை ஒன்றாக வரவழைத்து ஆறவிட்டுச் சாப்பிட்டவர்கள்.

1. கடையைத் தேர்ந்தெடுப்பது

முதலில் அடுப்பைப் பாருங்கள். கரி சிவந்து, மேலே மெல்லிய சாம்பல் பூத்திருக்க வேண்டும். தீநாக்கு எழும்பிக்கொண்டே இருந்தால் கறி வெளியே கருகும், உள்ளே வேகாது. கொழுப்பு சொட்டித் தீப்பிடிப்பது இயல்பு. நல்ல உஸ்தா உடனே கம்பியை நகர்த்துவார், அல்லது தீயை அடக்குவார். அடுப்பில் நிற்கும் மாஸ்டரை அங்கே உஸ்தா என்பார்கள். நம் வஸ்தாதும் அதே பாரசீக வேரிலிருந்து வந்த சொல்தான்.

அடுத்து, மரக்கட்டையும் அதன்மேல் பிறைவடிவக் கத்தியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தக் கத்தியின் பெயர் ஸிர்ஹ். இயந்திரத்தில் அரைத்தால் கறி சூடேறி, கொழுப்பு குழைந்து, சாறு பிரிந்துவிடும். ஸிர்ஹால் கொத்தினால் கறியும் கொழுப்பும் தனித்தனித் துணுக்குகளாக நிற்கும். பல்லில் படும்போதே வித்தியாசம் தெரியும்.

வாசலில் விலைப்பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதைப் படித்துவிட்டே உள்ளே போங்கள்.

2. இடம்

இருவர் என்றால் அடுப்போரம் கேளுங்கள். நால்வருக்கு மேல் என்றால் மேசைதான் வசதி. அடுப்பின் நடுப்பகுதியில் அனல் முகத்தில் அடிக்கும், ஓரத்து நாற்காலி தாங்கும். எவ்வளவு பெரிய புகைக்கூண்டு இருந்தாலும் துணியில் வாசனை ஏறும், ஆகவே துவைக்கக்கூடிய பருத்திச் சட்டை போதும். இஸ்தான்புல்லின் பெயோலு பகுதியில் வெள்ளி, சனி இரவுகளுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள்.

3. என்ன கறி என்று கேட்பது

மூன்று சொற்கள் போதும். குஸூ என்றால் ஆட்டுக்குட்டி (செம்மறி), தனா என்றால் மாட்டிறைச்சி, தாவுக் என்றால் கோழி. சில கடைகளில் கொத்துக்கறியில் ஆடும் மாடும் கலந்திருக்கும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் "தனா வார் மி?" என்று கேட்க வேண்டும். "மாடு இருக்கிறதா?" என்று பொருள். "யோக்" என்றால் இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: பத்லிஜான் கெபாப் என்பதில் கத்தரிக்காயோடு கொத்துக்கறியும் மாறிமாறிக் கோத்திருக்கும். பெயரை நம்பி வாங்கி ஏமாறுவது அதிகம். மைசூர்ப் பருப்பு சூப்பிலும் எலும்புச்சாறு இருக்கலாம். "எத்ஸிஸ்" (கறி இல்லாமல்) என்று சொல்லி, சுட்ட கத்தரிக்காய், காளான், ஹெல்லிம் பாலாடைக்கட்டி, ஹம்மஸ் (கொண்டைக்கடலைத் துவையல்), கெட்டித் தயிரில் செய்த ஹைதாரி கேட்கலாம். அடுப்பு ஒன்றுதான், கறி வேகும் அதே தீயில்தான் காயும் வேகும்.

4. ஆர்டர் வரிசை

இருவருக்கு இந்த அளவு போதும்.

முதல் சுற்று: ஒரு தட்டு ஜியேர், அதாவது ஈரல். சிறு துண்டுகளாக மெல்லிய கம்பிகளில் வரும். ஈரலில் கொழுப்பு குறைவு என்பதால் ஆறினால் ரப்பராகிவிடும், முதலில் சாப்பிட வேண்டியது இதுதான். தென்கிழக்கு நகரங்களான ஊர்ஃபாவிலும் தியார்பக்கிரிலும் இதைக் காலை உணவாகவே சாப்பிடுகிறார்கள்.

இரண்டாம் சுற்று: ஒரு அடானா. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற கெபாப் இது. செம்மறிக்கறி, வால்கொழுப்பு, சிவப்பு மிளகாய், உப்பு, அவ்வளவுதான். மசாலாப் பொடி எதுவும் கிடையாது. கொத்திய கறி உருண்டைக் கம்பியில் பிடித்து நிற்காது, திருப்பும்போது கம்பி மட்டும் சுழலும். அதனால்தான் இதற்குப் பட்டையான அகலக் கம்பி. உஸ்தா விரலால் அழுத்திய வரிப்பள்ளங்கள் கறிமேல் தெரியும். காரம் வேண்டாதவர்கள் ஊர்ஃபா கெபாப் கேட்கலாம். நம் நாக்குக்கு அடானாவின் காரம் பெரிதாகத் தெரியாது. கூட வரும் சுட்ட பச்சைமிளகாய்தான் எதிர்பாராமல் தாக்கும், நுனியைக் கடித்துப் பார்த்துவிட்டு மீதியைச் சாப்பிடுங்கள்.

மூன்றாம் சுற்று: பசி இருந்தால் மட்டும் குஸூ ஷிஷ் (துண்டுக்கறி) அல்லது பிர்ஸோலா (விலா எலும்புச் சாப்). பிர்ஸோலாவைச் சில இடங்களில் எடைபோட்டு விற்பார்கள். "போர்சியோன் மு, கிலோ மு?" (பங்குக்கா, கிலோவுக்கா?) என்று கேட்காமல் தலையாட்டினால் பில்லில் தெரியும்.

ஒரு கம்பி போதாது, இரண்டு அதிகம் என்றால் "பிர் புச்சுக்" சொல்லுங்கள். ஒன்றரைப் பங்கு என்பது அங்கே வழக்கமான ஆர்டர்.

5. கூட வருபவை

கறிக்கு முன்பே லவாஷ் ரொட்டி, சுமாக் (புளிப்பான பழத்தூள்) தூவிய வெங்காயம், எஸ்மே, கீரைத் தட்டு எல்லாம் வந்து நிற்கும். எஸ்மே என்பது தக்காளியும் மிளகாயும் மிகப் பொடியாகக் கொத்திய காரத் துவையல். பசியில் ரொட்டியை எஸ்மேயில் தோய்த்துத் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்வது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. ஆளுக்கு ஒரு ரொட்டியோடு நிறுத்துங்கள், சூடான லவாஷ் கேட்கக் கேட்க வரும்.

அடானா நகரில் இவை பெரும்பாலும் இலவசம். இஸ்தான்புல்லில் கடைக்குக் கடை மாறும். பரிசாரகர் தாம்பாளத்தில் சிறு கிண்ணங்களை நீட்டினால் "இக்ராம் மி?" என்று கேளுங்கள். இலவசமா என்று பொருள்.

6. சாப்பிடும் முறை

கம்பியோடு தட்டு வந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், கம்பி நெடுநேரம் சூடாகவே இருக்கும். லவாஷைக் கறியைச் சுற்றிப் பிடித்து, கம்பியை உருவுங்கள். ரொட்டி அந்த நெய்யைக் குடித்துக்கொள்ளும். மொத்த விருந்திலும் ருசியான துண்டு அதுதான், மிச்சம் வைக்காதீர்கள்.

பிறகு உள்ளங்கையளவு லவாஷைக் கிழித்து, அதில் இரண்டு விரல் நீளத்துக்குக் கறி, ஒரு சிட்டிகை வெங்காயம், இரண்டு பார்ஸ்லி இலை, சுட்ட தக்காளியில் கொஞ்சம் வைத்துச் சுருட்டிக் கையாலேயே சாப்பிடலாம். சுமாக்கின் புளிப்பு கொழுப்பை வெட்டும், எலுமிச்சை பிழிந்தாலும் அதே வேலை செய்யும். கெட்சப் தேட வேண்டாம், புகைவாசனை அதில் அடங்கிப்போகும்.

7. குடிக்க

அய்ரான் நம் மோர்தான். உப்பிட்டிருப்பார்கள், தாளிப்பு இருக்காது. காரத்துக்கு அதுவே மருந்து. ஷல்காம் என்பது கருங்கேரட்டைப் புளிக்கவைத்து எடுக்கும் உப்புப் புளிப்புப் பானம். அடானாவில் கெபாபுக்கு இதுதான் ஜோடி. காரமில்லாததற்கு "அஜிஸிஸ்" என்று சொல்லி, இருவருக்கு ஒரு கிளாஸோடு தொடங்குங்கள். ராக்கி (சோம்பு மணக்கும் மது) வேண்டுமென்றால் கடையில் மது உண்டா என்று முதலிலேயே கேட்க வேண்டும், பல கடைகளில் கிடையாது.

8. முடிக்கும்போது

குனெஃபே இனிப்பு வேண்டுமென்றால் கடைசிக் கம்பி அடுப்பில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். பாலாடைக்கட்டி வைத்துச் சேமியாபோன்ற இழையில் அப்போதுதான் சுட்டுத் தருவார்கள், நேரமாகும். இருவருக்கு ஒன்று போதும். பாலாடைக்கட்டி இழையாக இழுபடும் சூட்டிலேயே முடித்துவிடுங்கள்.

"ஹெசாப்" என்றால் பில் வரும். எண்ணிக்கையைச் சரிபார்த்து, 10 சதவீத அளவில் டிப்ஸைப் பணமாகவே மேசையில் வையுங்கள். எழுந்து போகும்போது உஸ்தாவைப் பார்த்து "எல்லெரினிஸே சாலிக்" என்று சொல்லுங்கள். "உங்கள் கைகளுக்கு நலம் உண்டாகட்டும்" என்று பொருள். அவர் "அஃபியெத் ஓல்சுன்" என்பார், சாப்பிட்டது உடம்புக்கு நலமாகட்டும் என்று.