ஏற்காடு–சேலம் தரவு நகலாக்கம்: இரு கணினிக்கும் ஒரே ரகசியச் சாவி

ஏற்காட்டில் காபித் தோட்ட அலுவலகம், கீழே சேலம் லீ பஜாரில் மண்டி. மேலே பதிவாகும் மூட்டைக் கணக்கு உடனுக்குடன் கீழேயும் வந்து சேர வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நகலாக்கம் இதைச் செய்துவிடும். ஆனால் கொள்முதல் விலை இணையத்தில் பூட்டில்லாமல் பயணிக்கக் கூடாது. இரு கணினிக்கும் இடையே மறைகுறியாக்கிய தனிப்பாதை அமைக்கும் வயர்கார்ட் மென்பொருள் அதற்குப் போதும். 2020இல் வந்த 5.6 பதிப்பு முதல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது.

முதலில் இரு கணினியிலும் ‘ஜென்கீ’, ‘பப்கீ’ கட்டளைகளால் தனிச்சாவி, பொதுச்சாவி உருவாக்குங்கள். பொதுச்சாவியை மற்றவருக்கு அனுப்பலாம். தனிச்சாவி பிறந்த கணினியை விட்டு வெளியே போகவே கூடாது.

அடுத்தது பகிர்சாவி, அதாவது இரு கணினியிலும் ஒன்றாகவே இருக்கும் ரகசியச் சாவி. கட்டாயமில்லைதான், ஆனாலும் நான் விடவே மாட்டேன். இன்று யாரோ ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்துவைத்த தரவை நாளைய குவாண்டம் கணினியால் உடைக்க முடியாமல் காப்பது இதுதான். கோப்பு அனுமதியை உரிமையாளருக்கு மட்டும் என்று மாற்றிவிட்டு, ‘ஜென்பிஎஸ்கே’ கட்டளையை ஒரே ஒரு கணினியில் இயக்குங்கள். இரண்டிலும் இயக்கினால் இரண்டு வெவ்வேறு சாவிகள் வரும். கிடைப்பது 44 எழுத்துகள். கடைசியில் ஒரு சமக்குறி. மவுசால் இருமுறை சொடுக்கித் தேர்ந்தெடுத்தால் அந்தக் குறி விடுபடுவதுண்டு. 43 எழுத்தை வயர்கார்ட் ஏற்காது.

இந்தச் சாவியை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பாதீர்கள். போனிலும் பேக்கப்பிலும் நகல் தங்கிவிடும். பென்டிரைவில் ஏற்றி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து பஸ்ஸில் அனுப்புங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்தாலும் அதுதான் பாதுகாப்பான வழி. அழித்த கோப்பை மீட்க முடியும் என்பதால், பிறகு பென்டிரைவைப் பூட்டி வையுங்கள்.

இரு பக்க அமைப்புக் கோப்பிலும் எதிர்க் கணினிக்கான பகுதியில் சாவியை ஒட்டிவிட்டு இணைப்பைத் தொடங்குங்கள். சேலத்தில் யுடிபி 51820 திறந்திருக்கட்டும். ஏற்காட்டுப் பக்கம் 25 விநாடி கீப்அலைவ் வையுங்கள்; இணைப்பு அறாமலிருக்க 25 விநாடிக்கு ஒருமுறை சிறு செய்தி போகும்.

சாவி பொருந்தாவிட்டால் பிழைச் செய்தி எதுவும் திரையில் வராது. ஹேண்ட்ஷேக் (இரு கணினியும் ஒன்றையொன்று உறுதிசெய்துகொள்வது) நடந்த நேரம் மட்டும் காட்டாது. அப்போது இரு சாவிக் கோப்புக்கும் ஷா256 (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) கணக்கிட்டு, அதன் முதல் எட்டு எழுத்துகளைப் போனில் படித்து ஒப்பிடுங்கள். சாவி வெளியே போகாமலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஹேண்ட்ஷேக் தெரிந்த பிறகே தரவுத்தளத்துக்கு வாருங்கள். நகலாக்க முகவரியாக வயர்கார்டின் உள்முகவரியை மட்டும் கொடுங்கள். ரெப்ளிகேஷன் ஸ்லாட் ஒன்றும் அமையுங்கள்: சாவியை அறிந்த ஊழியர் விலகும்போது புதுச் சாவி மாற்ற வேண்டியிருக்கும், இணைப்பு அறுந்திருக்கும் அந்த நேரத்துக் கணக்கை ஏற்காட்டுக் கணினி சேமித்து வைத்திருந்து பிறகு அனுப்பும்.